நாசகாரியைக் கொட்டிய குளவி

எங்கள் வேப்பந்தட்டைக்குக் கடல் கிடையாது. மேற்கே பச்சைமலை, மற்றத் திசைகளில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற காடு. பெரம்பலூர் மாவட்டத்துக்கும் சரி, பக்கத்து அரியலூர் மாவட்டத்துக்கும் சரி, ஒரு முழம் கடற்கரைகூட இல்லை. கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் இந்த மண்ணில்தான் இருக்கிறது. காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் நடந்தால் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் காலில் இடறும். கடல் எங்களை விட்டு விலகிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் ஒரு போர்க்கப்பலின் பெயர் எங்கள் பேச்சில் நூறு வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. யார் கையிலும் அகப்படாமல் காரியத்தை முடித்துவிட்டு நழுவுகிறவனைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்டா" என்பார் என் அப்பாயி. எம்டன் என்பது ஒரு கப்பல் என்று அவருக்குத் தெரியாது.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டதில் ஒன்றும் அதன்மேல் படவில்லை. இருட்டோடு இருட்டாக மறைந்துவிட்டது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, அதே காட்சி இன்னொரு துறைமுகத்தில் நடந்தது. இந்தியா-பாகிஸ்தான் போரில், கராச்சியில் கெமாரி எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. இந்த முறை சுட்டது நம் கடற்படையின் விநாஷ். எம்டனின் நீளம் 118 மீட்டர், எடை 3,600 டன். விநாஷின் நீளம் 38 மீட்டர் சொச்சம், எடை இருநூறு டன் அளவு. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மூன்று பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவ்வளவுதான் அதன் நீளம்.

ஏவுகணைப் படகு என்று இதற்குப் பெயர். ஆண்டுதோறும் டிசம்பர் 4ஆம் தேதி, கடற்படை நாளில், தொலைக்காட்சியில் பழைய படத்தைக் காட்டுவார்கள். நடுவில் ஒரு சின்ன மாடம், அதன் இருபுறமும் சாய்வாக வைத்த பெட்டிகள், பெட்டிக்கு ஒரு ஏவுகணை. தன் துறைமுகத்தை விட்டு அதிக தூரம் போகாமல் கரையைக் காவல் காப்பதற்கென்று செய்யப்பட்ட படகு. இதை ரஷ்யச் சரக்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெட்டிகளின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனபோது, நான் முதலில் இறங்க வேண்டியிருந்த இடம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூர்.

பல்லவர்களும் சாளுக்கியர்களும் ஒரு காலத்தில் மோதிய ஊர் அது. 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் மடக்கினார்கள். மைசூர்ப் படையிடம் ஒரு விசேஷமான ஆயுதம் இருந்தது. வாணம். நம் திருவிழாவில் விடுகிற அதே வாணம்தான். ஆனால் காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்திருந்தார்கள். காகிதக் குழாய் கொஞ்சம் அழுத்தம் ஏறினாலே பிளந்துவிடும். இரும்பு தாங்கும். தாங்குவதால் மருந்தை அதிகம் அடைக்கலாம், அதனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். குழாயோடு நீண்ட மூங்கில் கழியையோ வாளையோ சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது பறக்கும்போது வாலாகி நேராகச் செலுத்தும், விழும்போது வெட்டும். அன்றைய சண்டையில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பாய்ந்துதான் அவை வெடித்தன என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெய்லி பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782இல் இறந்தார்.

1799இல் திப்பு வீழ்ந்தபின் அந்த வாணங்களில் சில கப்பலேறி லண்டனை அடுத்த உல்விச் ஆயுதச்சாலைக்குப் போய்ச்சேர்ந்தன. அங்கே மேற்பார்வை பார்த்தவரின் மகன் வில்லியம் காங்கிரீவ். அவர் மைசூர் வாணத்தைப் பார்த்துத் தானும் செய்யத் தொடங்கினார். நகல் எடுத்தது மட்டுமென்றால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். காங்கிரீவுக்குத் தோன்றிய ஒரு விஷயம்தான் வாணத்தைக் கடலுக்கு இழுத்தது. பீரங்கி சுட்டால் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையைத் தாங்கப் பெரிய மரக்கப்பல் வேண்டும். வாணத்துக்கு உதை கிடையாது, தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகிறது. அப்படியானால் துடுப்புப் போடுகிற சின்னப் படகிலிருந்துகூட ஒரு கோட்டையைத் தாக்கலாமே! ஏவுகணைப் படகின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு யோசனைக்குள் அடங்கியிருக்கிறது என்பேன். அதற்குப் பிறகு வந்த இருநூறு ஆண்டு வேலையெல்லாம் இதன்மேல் எழுப்பிய மாடிதான்.

1806 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனுக்கு முன்னே பிரிட்டிஷ் படகுகள் இரவில் வரிசைகட்டி நின்றன. அரை மணி நேரத்தில் சுமார் 2,000 வாணங்கள். குறி நெப்போலியனின் கப்பல்கள், ஆனால் எரிந்தது ஊர். அடுத்த ஆண்டு கோபன்ஹேகன். 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர். அங்கே எரிபஸ் என்ற வாணக்கப்பல் மெக்ஹென்றி கோட்டைமீது இரவு முழுக்க நெருப்பை வீசியதைப் பார்த்துக்கொண்டிருந்த வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ ஒரு பாட்டு எழுதினார். 1931இல் அது அமெரிக்காவின் தேசிய கீதமாயிற்று. வாணத்தின் செவ்வொளி அந்தப் பாட்டில் இன்றும் இருக்கிறது. ஒலிம்பிக் மேடையில் அமெரிக்கக் கொடி ஏறும்போதெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லன் பட்டறையின் பொறி ஒன்று அதில் பறக்கிறது.

பிறகு வாணத்துக்கு இறங்குமுகம். உள்ளே மரை வெட்டிய பீரங்கிகள் வந்து, தொலைவிலும் குறி தவறாமல் அடித்தன. எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாத வாணத்தை யார் சீண்டுவார்கள்? சின்னப் படகு மறுபடி நிராயுதபாணியாயிற்று. அதற்கு அடுத்த ஆயுதம் கிடைப்பதில் எங்கள் ஊர்ப் பயிருக்கு ஒரு பங்கு உண்டு.

வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி எடுப்பதும் வெடிக்காத காயைப் பொறுக்குவதும் இங்கே எல்லார் வீட்டிலும் பழகிய வேலை. பஞ்சு வெடிக்கும் என்றால் காய் வெடிப்பதைத்தான் நாங்கள் நினைப்போம். 1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியர் ஷோன்பைன் வேறு மாதிரி வெடிப்பைக் கண்டார். வீட்டுச் சமையலறையில் அமிலங்களை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தவர் கைதவறிக் கொட்டிவிட்டார், அகப்பட்டதை எடுத்துத் துடைத்தார், அது மனைவியின் பருத்தி மேலாடை, அடுப்புக்கு மேலே காயப்போட்டதும் பளிச்சென்று புகையில்லாமல் எரிந்து காணாமல் போயிற்று என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நைட்ரிக் அமிலத்தில் தோய்ந்த பஞ்சு கரிமருந்தைவிடப் பலமடங்கு சீறும் என்பது அந்த ஆண்டு வெளிப்பட்டுவிட்டது. வெடிபஞ்சு பிறந்தது. நம் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903இல் தொடங்கியபோது அடிப்படைப் பண்டம் இதுதான். மலையேறிப் போகிற ரயிலில் அந்த ஊரைத் தாண்டும்போது, பள்ளத்தில் தெரியும் ஓட்டுக்கூரைகளுக்கும் காட்டில் நிற்கும் பருத்திச் செடிக்கும் உறவு இருப்பது யாருக்கும் தோன்றாது.

வெடிபஞ்சைச் சுமந்துகொண்டு கடலுக்குள் போகும் வாகனம் அட்ரியாடிக் கடற்கரையில், இன்று குரோஷியாவில் ரியேக்கா எனப்படும் ஃபியூமே நகரில் உருவானது. ஜியோவானி லூப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி, தன் கரையைக் காக்க ஒரு யோசனை வைத்திருந்தார். ஆள் இல்லாத சின்னப் படகு. முன்னால் வெடிமருந்து. கரையில் நின்று கயிறு பிடித்து, மாட்டை ஓட்டுவது போல அதை எதிரிக் கப்பல் பக்கம் ஓட்ட வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயரே 'கரைகாப்பான்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல். அரசாங்கம் சிரிக்கவில்லை, ஆனால் வாங்கவும் இல்லை. ஊரில் பட்டறை வைத்திருந்த ஆங்கிலேயர் ராபர்ட் வைட்ஹெட்டிடம் போனார். வைட்ஹெட் கயிற்றைத் தூக்கியெறிந்தார், படகைத் தண்ணீருக்கு அடியில் அனுப்பினார், அழுத்திய காற்றால் ஓடவைத்தார். குறித்த ஆழத்திலேயே ஓடச்செய்யும் பொறியை அந்தப் பட்டறையில் 'ரகசியம்' என்றே அழைத்தார்கள். 1866இல் டார்பிடோ தயார். பல நாட்டுக் கடற்படைகள் பணம் கட்டி உரிமம் வாங்கின. வைட்ஹெட் செல்வந்தரானார். அவருடைய பேத்தி அகாத்தாவை மணந்தவர் கேப்டன் ஜார்ஜ் ஃபான் டிராப். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வரிசையாக நின்று பாடும் குழந்தைகளின் அசல், அந்தப் பேத்தி பெற்ற பிள்ளைகள்தான்.

டார்பிடோவைச் சின்ன நீராவிப் படகில் கட்டியதும் கடலின் கணக்கே மாறிப்போயிற்று. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய இரும்புக் கப்பலை, நாலு காசு படகு கவிழ்க்கும். பணமில்லாத நாடுகளுக்கு இது பெரிய தைரியம். பிரான்சில் அட்மிரல் ஓப் இனிமேல் பெரிய கப்பலே வேண்டாம் என்று வாதிடும் அளவுக்குப் போனார். பிரிட்டனுக்குத் தூக்கம் கெட்டது. படகை வேட்டையாட, படகைவிடக் கொஞ்சம் பெரிய, வேகமான கப்பல் ஒன்றை 1893இல் இறக்கினார்கள். டார்பிடோ படகு நாசகாரி என்று அதற்குப் பெயர். காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்து 'நாசகாரி' மட்டும் நின்றது. நம் செய்தித்தாள்களில் இன்றைக்கும் வருகிற நாசகாரிக் கப்பல், பிறந்தபோது சின்னப் படகுகளைத் தின்பதற்கென்றே பிறந்த கப்பல். கதைக்கு இது அவசியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு உலகப் போர்களிலும் டார்பிடோ படகுகள் சில பெரிய வேட்டை ஆடின. 1918 ஜூன் 10 அன்று இத்தாலியரான லூயிஜி ரிஸ்ஸோ ஒரு மோட்டார்ப் படகில் போய், சென்ட் இஸ்த்வான் என்ற ஆஸ்திரியப் பெருங்கப்பலைக் கவிழ்த்தார். ஆனால் டார்பிடோ போட வேண்டுமானால் எதிரியின் மூக்குக்கு நேரே போயாக வேண்டும். ரேடார் வந்தபின் அது தற்கொலைக்குச் சமம். சின்னப் படகின் காலம் மறுபடி முடிந்தது போலிருந்தது.

அப்போதுதான் வாணம் திரும்பிவந்து படகேறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சோவியத் யூனியனிடம் நீளமான கரை இருந்தது, அமெரிக்காவுக்கு ஈடான விமானந்தாங்கிக் கப்பல்கள் இல்லை. அதன் தலைவர் குருஷேவுக்குப் பெரிய கப்பல்களில் நம்பிக்கையும் இல்லை. 1942இல் பறந்த ராக்கெட் விமானத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான பெரெஸ்னியாக், 'பி-15' என்றொரு ஏவுகணையை உருவாக்கினார். பார்த்தால் ஓட்டுநர் இல்லாத குட்டி விமானம். எடை இரண்டு டன்னுக்கு மேல், அதில் வெடிமருந்துத் தலை மட்டும் சுமார் அரை டன். மூக்கில் ஒரு ரேடார். விட்டுவிட்டால் நாற்பது கிலோமீட்டர் வரை போய், தானே இலக்கைத் தேடி மோதும். காங்கிரீவுக்குக் கிடைக்காமல்போன ஒன்றே ஒன்று, அதாவது கண், இப்போது வாணத்துக்கு வந்துவிட்டது. புதுக்கப்பல் கட்டக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. கையிருப்பில் இருந்த மரத்தாலான டார்பிடோ படகில் டார்பிடோ குழாய்களைக் கழற்றிவிட்டு இரண்டு ஏவுகணைப் பெட்டிகளை வைத்தார்கள். இதற்குப் பெயர் கொமார், ரஷ்ய மொழியில் கொசு. அடுத்து இரும்பால் கட்டி நான்கு ஏவுகணை வைத்ததை மேற்கத்திய நாடுகள் ஓசா என்று குறித்தன. ரஷ்ய மொழியில் ஓசா என்றால் குளவி.

கொசுவும் குளவியும் தோழமை நாடுகளுக்கெல்லாம் போயின. இந்தோனேசியா, கியூபா, எகிப்து, சிரியா. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1967 அக்டோபர் 21 அன்று மாலை இஸ்ரேலின் எய்லாத் என்ற கப்பல் எகிப்தின் போர்ட் சைத் துறைமுகத்துக்கு வெளியே ரோந்து போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குள் நின்றபடியே இரண்டு கொசுக்கள் ஏவுகணைகளை விட்டன. எய்லாத் மூழ்கியது, 47 பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்து விட்ட ஏவுகணையால் மூழ்கிய முதல் கப்பல் அது. எய்லாத் என்ன வகைக் கப்பல்? நாசகாரி. 1944இல் பிரிட்டனில் நீரில் இறங்கி, 'செலஸ்' என்ற பெயரோடு ஓடி, பின்பு இஸ்ரேலுக்கு விற்கப்பட்ட நாசகாரி.

அந்த அடிக்குப்பின் இஸ்ரேலும் ஏவுகணைப் படகுகளுக்கு அவசரப்பட்டது. ஜெர்மன் வடிவத்தில் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் பன்னிரண்டு படகுகள் கட்டக் கொடுத்திருந்தார்கள். நடுவில் பிரான்ஸ் ஆயுதத் தடை போட்டது. கடைசி ஐந்து படகுகள் பணம் கட்டியும் கைக்கு வராமல் நின்றன. நார்வே எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு என்று காகிதத்தில் ஒரு கம்பெனியை உண்டாக்கி அதன் பெயரில் வாங்கி, 1969 கிறிஸ்துமஸ் இரவில் புயலோடு புயலாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய ஏவுகணை இருபது கிலோமீட்டர்தான் பாயும், சிரியாவின் ரஷ்ய ஏவுகணை நாற்பது பாயும். ஆனாலும் 1973 அக்டோபர் 7 இரவு லத்தாக்கியாவுக்கு முன்னே நடந்த, ஏவுகணைப் படகுகளுக்குள்ளேயான உலகின் முதல் சண்டையில் இஸ்ரேல்தான் வென்றது. எதிரி ரேடாரைக் குழப்பும் மின்னணுக் கருவிகளையும் உலோகத் துணுக்குகளையும் வைத்து, பாய்ந்துவந்த ஏவுகணைகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

இந்தியாவுக்கு முதலில் வந்த குளவிகள் எட்டு. நம் மாலுமிகள் விளாடிவோஸ்டாக்கில் உறைபனிக்கு நடுவே ரஷ்ய மொழி படித்து, படகு ஓட்டப் பழகினார்கள். சென்னையிலிருந்து நேரே சரக்குக் கப்பல் போகும் வழி என்று இப்போது நாம் பேசுகிற அதே விளாடிவோஸ்டாக்தான். 1971இல் படகுகள் சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் ஏறி வந்தன. இங்கேதான் நான் மிகவும் ரசிக்கிற தற்செயல். படகுகள் நிற்க வேண்டிய இடம் பம்பாய். ஆனால் ஒவ்வொன்றும் 180 டன் எடை. அதைத் தூக்கி இறக்கும் பளுதூக்கி பம்பாயில் இல்லை, கல்கத்தாவில் இருந்தது. ஆகவே கல்கத்தாவில் இறக்கினார்கள். அங்கிருந்து தானாக ஓடி பம்பாய் சேர இந்தப் படகின் எண்ணெய்த் தொட்டிக்குக் கொள்ளளவு போதாது. கரைக்காவல் படகு அல்லவா, எட்டிப்போகச் செய்ததல்ல. பெரிய கப்பல்களில் கயிறு கட்டி, வங்காள விரிகுடா வழியாக நம் சோழமண்டலக் கரையை ஒட்டி, இலங்கையைச் சுற்றி, குமரிமுனை தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

இழுத்துப் பார்த்தபின் ஒரு எண்ணம் பிறந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை இழுக்க முடிந்தால், எதிரியின் வாசல் வரையும் கொண்டுபோகலாமே? இப்படியொரு படகைத் தாக்குதலுக்கு அழைத்துப்போகலாம் என்று அதைச் செய்தவர்களே நினைத்திருக்கவில்லை. பளுதூக்கி இல்லாத ஒரு துறைமுகத்தின் குறைதான் போரின் போக்கை மாற்றிய யோசனைக்கு வித்திட்டது. அப்போது கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா. கராச்சித் துறைமுக வாயிலில் இருக்கும் மனோரா தீவில் வளர்ந்தவர். அந்த நீரின் ஆழமும் வழியும் அவருக்குச் சொந்த ஊர்த் தெரு.

1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று படகுகள் கராச்சியை நோக்கிப் போயின. தளபதி கமாண்டர் பி. பி. யாதவ். படகின் ரேடார் சிறியது என்பதால் கில்டான், கச்சல் என்று இரண்டு சற்றுப் பெரிய கப்பல்கள் கண்ணாக உடன் சென்றன. எண்ணெய் நிரப்ப ஒரு டேங்கர். கில்டானின் தலைவர் கமாண்டர் கோபால் ராவ். மகாவீர் சக்ரா பெற்றவர், 2021இல் சென்னையில் 94 வயதில் மறைந்தார். வானொலியில் மாலுமிகள் விளாடிவோஸ்டாக்கில் கற்ற ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று அந்தப் போரில் இருந்தவர்கள் சொல்லிவந்தார்கள். ஒட்டுக்கேட்பவனுக்கு யார் வருகிறார்கள் என்றே புரியாது.

முதலில் எதிர்ப்பட்டது கைபர் என்ற பாகிஸ்தான் கப்பல். நிர்காத் ஏவுகணையை விட்டது. இருட்டில் ஒரு வெளிச்சம் நெருங்கி வருவதைக் கண்ட கைபரின் மாலுமிகள் அதை விமானம் என்றே நினைத்து, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளால் வானத்தைச் சுட்டார்கள். விமானம் தாக்குகிறது என்றுதான் கரைக்கும் செய்தி அனுப்பினார்கள். இரண்டாவது ஏவுகணையில் கப்பல் மூழ்கிவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். எந்தப் பக்கத்து மாலுமியானாலும் அவ்வளவு பேர் ஓர் இரவில் போனதை வாசிக்கையில் மனம் கனக்கிறது, எதனால் சாகிறோம் என்பதுகூடத் தெரியாமல் போனார்களே என்று இன்னும் கனக்கிறது. கைபரும் 1944இல் பிரிட்டனில் நீரில் இறங்கிய நாசகாரி. 'காடிஸ்' என்பது அதன் பழைய பெயர். படகுகளைத் தின்னப் பிறந்த இனத்தின் இரண்டு கப்பல்கள், ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் தண்ணீரைத் தொட்டவை, நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு கடல்களில் படகுகளுக்கு இரையாயின. அன்றிரவு முஹாஃபிஸ் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலும் மூழ்கியது. அந்த நாளைத்தான் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். நான்கு நாள் கழித்து விநாஷ் போய் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதை முன்பே சொன்னேன்.

போட்டி போட்டுக்கொண்டு நகல் எடுக்கும் காலம் அடுத்தது. உண்மையில் சீனா முன்பே தொடங்கிவிட்டது. சோவியத்துடன் நட்பாக இருந்த காலத்தில் கிடைத்த கொசுவையும் குளவியையும் பிரித்துப் பார்த்து, நட்பு முறிந்தபின் தானே செய்யத் தொடங்கியது. ஏவுகணையையும் விடவில்லை. 'பட்டுப்புழு' என்று உலகம் அறிந்த சீன ஏவுகணைக் குடும்பம் பி-15இன் வாரிசு. அந்தச் சீனக் குளவிகளில் நான்கை 1984இல் வாங்கிய நாடு பாகிஸ்தான். கராச்சியை எரித்த படகின் நகலே கராச்சிக்குக் காவலாக வந்து நின்றது! ஷெர்பூர் படகுகளின் அடுத்த தலைமுறையில் இரண்டை இஸ்ரேல் 2000இல் இலங்கைக்கு விற்றது. நந்திமித்ர, சூரநிமல என்று பெயர் மாறி, ஈழத்துக் கரைகளுக்கு அருகே போர் நடந்த ஆண்டுகளில் அவை ஓடின.

நம் குளவிகள் கிழடுதட்டியபோது 1987 முதல் வீர் வகுப்புக் கப்பல்கள் வந்தன. ரஷ்ய வடிவம்தான், சிலவற்றைப் பம்பாயிலும் கோவாவிலும் கட்டினார்கள். படகு கப்பலாக வளர்ந்துவிட்டது, எடையும் இருமடங்கைத் தாண்டியது. பெயர்களை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. வீர், நிபாத், நிர்காத், விநாஷ் என்று பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கப்படியே வைத்தார்கள். 2023 மார்ச்சில் கொச்சி கப்பல் கட்டும் தளத்தோடு ஆறு புதிய ஏவுகணைக் கப்பல்களுக்கு, 9,805 கோடி ரூபாயில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வடிவமும் இங்கேயே. குளவி ஒருவழியாக இந்த மண்ணிலேயே கூடு கட்டுகிறது.

ஆனால் 2024 ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறந்த இரவில் ஒன்று நடந்தது. கிரீமியக் கரையில் டோனுஸ்லாவ் என்ற உப்பு ஏரி. நம் வீர் வகுப்பின் உடன்பிறப்பான இவானோவெட்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பல் அங்கே நின்றுகொண்டிருந்தது. உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. ஒவ்வொன்றும் ஆறு மீட்டருக்குள் நீளம். முன்னால் வெடிமருந்து. தொலைவில் யாரோ உட்கார்ந்து ஓட்டினார்கள். கப்பல் மூழ்கிய படத்தைப் பார்த்தபோது எனக்கு ஃபியூமேவின் லூப்பிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கேட்டது இதைத்தான். ஆள் இல்லாத படகு, முன்னால் மருந்து, கரையிலிருந்து ஓட்ட ஒரு கயிறு. கயிற்றுக்குப் பதிலாக வானத்து அலை வந்திருக்கிறது. ஒரு காலத்தில் நாசகாரியைக் கொட்டிய குளவி இப்போது தானே பெரிய கப்பலாகி, தன்னைவிடச் சின்னதற்கு அஞ்சி நிற்கிறது. கொச்சியின் ஆறு புதுக் கப்பல்களும் இந்தப் புதுப் பூச்சிகளுக்கு என்ன மருந்து வைத்துக்கொள்ளும் என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.

இதற்குச் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னால், 2018 ஜூலையில், கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் நகரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டினார்கள். அந்த ஊரும் கடலிலிருந்து தள்ளி, எங்கள் ஊர் மாதிரி உள்நாட்டில். தண்ணீர் வற்றிப்போன கிணறு. மேட்டில் அள்ளிப்போட்ட சேற்றிலிருந்து வெடிமருந்து வாசம் வந்தது. தொல்லியல் துறையினர் மூன்று நாள் இறங்கி வெட்டினார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய நீளத்தில், துருவேறிய இரும்புக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஆயிரத்துக்கும் மேல். திப்பு காலத்து வாணங்கள். யாரோ கிணற்றில் போட்டு மூடிவிட்டுப் போனவை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உள்ளே அடைத்த மருந்தின் வாசம் சேற்றை விட்டுப் போகவில்லை.